ஒன்றரை நிமிஷம் நின்ற வண்டி

இன்று காலையில் நம் ஊர் ரயில் நிறுத்தத்துப் பெயர்ப்பலகைக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் வழக்கம்போல அதன்மேல் சாய்ந்துகொண்டு, எதிரில் நின்ற நாலு பேருக்கு உலக விஷயங்களை விளக்கிக்கொண்டிருந்தேன். வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது சட்டையின் முதுகில் ஊர்ப் பெயர் கண்ணாடியில் பார்த்ததுபோல இடவலம் மாறிப் பதிந்திருந்தது. அந்த நாலு பேரும் முதலிலேயே பார்த்துவிட்டார்களாம். பேசிக்கொண்டிருக்கிறவரை நடுவில் நிறுத்துவது மரியாதையில்லையே என்று சும்மா இருந்துவிட்டார்களாம்.

இன்று முழுவதும் ஊரை முதுகில் சுமந்துகொண்டே கோயமுத்தூர்க் கோர்ட்டில் திரிந்தேன். வக்கீல் குமாஸ்தாவின் முதுகை யார் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்; எல்லாரும் பார்த்தார்கள். சாயங்காலம் வீட்டில் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இனி நீங்க எங்க தொலைஞ்சு போனாலும் கொண்டாந்து உட்டுருவாங்க" என்றாள் என் மனைவி. சட்டை போனது போகட்டும். அந்த எண்ணெய் வாசம் மட்டும் மூக்கை விட்டுப் போகவில்லை. அந்த இடத்தில் முதன்முதலாகப் பலகை நட்ட அன்று உங்கள் கையிலும் இதே வாசம்தான். பழைய வண்டிப் பலகையொன்றை இழைத்து, நீங்களே பெயர் எழுதி, எழுத்து கோணலாக இருக்கிறதா என்று பத்தடி தள்ளி நின்று பார்த்தீர்கள். கோணலாகத்தான் இருந்தது. நேராக இருக்கிறது என்று நான் சொன்னேன். உங்களிடம் நான் சொன்ன பொய்களில் அது சின்னது.

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. வால்பாறைக்கு உறவுக்காரரைப் பார்க்கப் போய்க் கொண்டுவந்த மலைக்காய்ச்சல் பத்துப் பன்னிரண்டு நாளில் உங்களைக் கொண்டுபோய்விட்டது. இருந்தபோது உங்களுக்கு நான் ஒரு கடிதம் எழுதியதில்லை. ஒரு வேலியைத் தாண்டினால் உங்கள் தோட்டம், எதற்கு எழுதுவது? இப்போது எழுதுகிறேன். உங்களிடமிருந்து மறுமொழி வராது என்ற தைரியமும் ஒரு காரணம். ஊர் இன்னும் உங்களை 'அரை நிமிஷத்தார்' என்றுதான் சொல்கிறது. அந்தப் பட்டம் நியாயமாக எனக்கு வரவேண்டியது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், உங்கள் தங்கை பொன்னாத்தாள் போத்தனூர்ப் பக்கத்து மில்லில் நூல் சுற்றும் வேலைக்குச் சேர்ந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. புருஷன் தவறிப்போய், இடுப்பில் ஒரு பெண்குழந்தையோடு உங்கள் வீட்டுக்கு வந்தவள். பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோயமுத்தூரைச் சுற்றி மில்லுக்கு மேல் மில்லாக எழும்பிக்கொண்டிருந்த சமயம். ஆள் வேண்டும் என்றார்கள். நேரம் தவறி வரும் ஆள் வேண்டாம் என்றார்கள். நம் ஊரிலிருந்து ஐந்து மைல். இருட்டோடு எழுந்து எட்டுப் பெண்கள் சோற்றுத் தூக்குப்போசியைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். மில் சங்கு இரண்டாம் முறை ஊதி ஓய்ந்தால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். பொன்னாத்தாள் இரண்டு தடவை வெளியே நின்றுவிட்டாள். மூன்றாவது தடவையும் நின்றால் பெயரை எடுத்துவிடுவேன், இல்லாவிட்டால் மில் ஆட்கள் குடியிருக்கிற மில் லைனிலேயே ரூம் எடுத்துக்கொண்டு வந்துவிடு என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அங்கே குழந்தையைப் பார்க்க ஆளில்லை. உங்கள் வீட்டில் விட்டுப் போகவேண்டும். அது இன்னும் பால் மறக்கவில்லை.

இத்தனைக்கும் பொள்ளாச்சியிலிருந்து வரும் காலை வண்டி உங்கள் சோளக்காட்டு ஓரமாகத்தான் போத்தனூருக்குப் போகும். கிணத்துக்கடவை விட்டால் நம் ஊரில் நிற்காது. நடந்துபோகும் அந்த எட்டுப் பெண்களையும் பாதி வழியில் தாண்டிக்கொண்டு போகும்.

ஒருநாள் காபி கிளப்பில் நான் ஒரு வாரப் பத்திரிகையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்திரேலியா தேசத்தில் மெல்போர்ன் என்ற பட்டணத்தைப் பற்றி ஒரு கட்டுரை. பட்டணத்துக்கு வெளியே பல மைல் தூரத்துக்குத் தண்டவாளம் போட்டு, மைலுக்கொரு நிறுத்தம் வைத்திருக்கிறார்களாம். போட்ட சமயத்தில் அங்கெல்லாம் வீடே கிடையாதாம், வெறும் புல்தரை. முதலில் நிறுத்தம் வந்ததாம், அதைப் பார்த்துப் பிறகு வீடுகள் வந்தனவாம். இப்போது மின்சாரத்திலேயே வண்டி ஓடுகிறதாம். ஜனங்கள் காலையில் ஏறிப் பட்டணத்துக்கு வேலைக்குப் போய்ச் சாயங்காலம் சோற்றுக்கு வீடு திரும்பிவிடுகிறார்களாம். எனக்கு அதில் பெரிய அக்கறை ஒன்றும் இல்லை. அடுத்த பக்கத்துக் கொலைக் கேஸுக்குப் போகலாம் என்று தாளைத் திருப்பினேன். நீங்கள் திருப்பவிடவில்லை.

"ஏனுங் மாப்பிள்ளை, மாடு மேயற காட்டுல அங்க வண்டி நிக்குதுங்களா?"

நின்றதாகத்தான் போட்டிருக்கிறது என்றேன்.

"இங்க மனுசன் நிக்கற எடத்துல நிக்கமாட்டீங்குதே" என்றீர்கள்.

அந்த வாரமே என்னை மனு எழுத உட்கார வைத்தீர்கள். பத்து நாள் எழுதினேன். ஆஸ்திரேலியாவையும் விடவில்லை, அங்கே மேய்ந்த மாட்டையும் விடவில்லை. எழுதி முடித்து இரண்டாம் தடவை படித்தபோது அந்த இங்கிலீஷ் எனக்கே புரியவில்லை. கம்பெனிக்காரர்களுக்குப் புரிந்ததோ, அல்லது மோட்டார் பஸ்காரர்கள் ஆளையெல்லாம் அள்ளிக்கொண்டு போகிற பயமோ, மூன்று மாதத்தில் பதில் வந்தது. குறிப்பிட்ட ஒரு நாள் காலை வண்டி நம் ஊரில் ஒரு நிமிஷம் நிற்கும். மேடையை ஊராரே போட்டுக்கொள்ளவேண்டும். போதுமான ஆள் ஏறினதாக வண்டியோடு வரும் கார்டு எழுதிக்கொடுத்தால் தினமும் நிற்கும். இல்லாவிட்டால் அத்தோடு சரி.

சோளக்காட்டு மூலையை நீங்கள் கொடுத்தீர்கள். மண்ணும் சரளையும் போட்டு மேடை எழும்பியது. முந்தின நாள் சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டீர்கள். நம் ஜனங்களை உங்களுக்குத் தெரியும். விருந்தில் இலை போட்டால்கூட முதலில் யார் உட்காருவது என்று அரைமணி நேரம் உபசாரம் நடக்கும். "நாளைக்கு நீங்க மொதல்ல ஏறிப்போடுங்க. ஒருத்தரு ஏறுனாப் போதும், மத்தவங்க தன்னால ஏறுவாங்க" என்றீர்கள். இது ஒரு வேலையா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் மேடையில் வாழைமரம், மாவிலைத் தோரணம், மேளம். ஏறுவதற்கு முப்பது பேர். எல்லாருக்கும் முன்னால், ஊரிலேயே அதிக நிலம் வைத்திருந்த பெரிய தோட்டத்துப் பண்ணாடி, கோட்டும் குடையுமாக. அவருக்குப் போத்தனூரில் ஒரு வேலையும் இல்லை, கௌரவத்துக்காக வந்தவர். எட்டுப் பெண்களும் கடைசியில் ஒதுங்கி நின்றார்கள். பண்ணாடி ஏறாமல் அவர்கள் எப்படி ஏறுவார்கள்?

வண்டி வந்து நின்றது. கதவு சரியாக என் முன்னால். கைப்பிடியைப் பிடித்தும்விட்டேன். அந்தச் சமயத்தில் என் புத்தி வேறெங்கோ போயிற்று. பஞ்சாயத்து போர்டில் ஒரு இடம் காலியாகப்போகிறது, பண்ணாடி ஒரு வார்த்தை சொன்னால் அது எனக்குத்தான் என்று ஒரு மாதமாக நான் கனவு கண்டுகொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. என் மனைவிக்குத் தெரியும், அவள் சிரித்துவிட்டாள். கைப்பிடியை விட்டுவிட்டு விலகி, "நீங்க ஏறுங்க" என்றேன் பண்ணாடியிடம்.

அவர் நல்ல மனுஷர். "பூசாரியய்யா இருக்கறப்ப நானுங்களா? அவரு ஏறட்டுமுங்க" என்றார். பூசாரி இரண்டடி பின்வாங்கி, மனு எழுதிய கை ஏறட்டும் என்று என்னைக் காட்டினார். நான் மறுபடி பண்ணாடியைக் கும்பிட்டேன். பின்னாலிருந்து நீங்கள் "ஏறுங்க மாப்பிள்ளை, ஏறுங்க" என்று சொன்னது எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று பிற்பாடு சொன்னேன். மூன்று பேரும் இன்னும் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதே விசில் ஊதி, கொடி ஆடி, வண்டி எங்கள் மூக்குக்கு முன்னால் நகர்ந்து போய்விட்டது. ஒருவர்கூட ஏறவில்லை. மேளக்காரர் எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் வாசித்துக்கொண்டே இருந்தார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கதவுக்கு முன்னால் நின்றவன் நான்தானே. நான் கோட்டுச் சங்கிலியைத் தொட்டுக்கொண்டு, "அரை நிமிசங்கூட நிக்கலீங்க. நான் கடியாரத்தப் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றேன். ஊரில் அன்றைக்குக் கடிகாரம் வைத்திருந்தவன் நான் ஒருவன். அந்தக் கடிகாரம் ஒரு வாரமாகக் கோயமுத்தூரில் ரிப்பேர்க் கடையில் கிடந்தது. கோட்டில் தொங்கியது சங்கிலி மட்டும்.

மேளச் சத்தத்தில் அது பக்கத்தில் வந்து நின்ற உங்களுக்கு மட்டும்தான் கேட்டது; நீங்கள்தான் அதை நம்பி ஊருக்கு உரக்கச் சொன்னீர்கள். உடனே ஊர் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. கார்டு மோசம் பண்ணிவிட்டான் என்று அன்றைக்கே புகார் எழுதினேன். இந்தத் தடவை இங்கிலீஷ் தெளிவாக வந்தது. எல்லாரும் கையெழுத்தும் ரேகையும் வைத்தார்கள். முதல் கையெழுத்து உங்களுடையது. என்னை நம்பி வைத்தீர்கள். இன்னொரு வேடிக்கை, என் பொய் உடனே பலனும் கொடுத்தது. எட்டுப் பெண்களும் அன்று நடந்துபோய்க் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். வண்டிக்காரன் செய்த தப்புக்கு நீ என்ன பண்ணுவாய் என்று மேஸ்திரியே இறங்கிவந்து, பொன்னாத்தாளுக்கு ஒரு மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் வண்டி நிற்க ஏற்பாடானால் வேலை. இல்லாவிட்டால் மில் லைன்.

பத்து நாள் கழித்துத் தண்டவாளம் பார்க்கும் கேங்மேன் உங்கள் கிணற்றில் தண்ணீர் குடிக்க வந்த இடத்தில் சொன்னார்: அந்தக் கார்டுக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள், பதில் சரியில்லாவிட்டால் வேலை போய்விடும், அவர் அப்படி நேரத்துக்கு முன்னால் கொடி காட்டுகிற ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நின்றீர்கள். "போத்தனூர் வரைக்கும் போயாரலாம் வாங்க" என்றீர்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பாதி வழியில், "மணி எத்தனை ஆச்சுங்க மாப்பிள்ளை?" என்று கேட்டீர்கள்.

என் கை கோட்டுப் பைக்குப் போயிற்று. அங்கே எடுக்க ஒன்றுமில்லை. சூரியனைப் பார்த்துவிட்டு, "ஏழரை இருக்குமுங்க" என்றேன்.

"இருக்கும்" என்றீர்கள். சங்கிலியை ஒரு தடவை பார்த்தீர்கள். அப்புறம் போத்தனூர் வரும்வரை மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தீர்கள்.

கார்டு சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர் வகுப்பைச் சேர்ந்தவர். ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு. நம்மைப் பார்த்ததும் கோபப்படுவார் என்று நினைத்தேன். நாற்காலி போட்டார். அவர் மனைவி கேக் ஒரு துண்டு கொடுத்தாள், நான் அதைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். வழக்கமாக நான் அந்த விஷயத்தில் தகராறு பண்ணுவதில்லை. "நான் ஒண்ணரை நிமிஷம் கொடுத்தான். பாவம், புது இடம், மேளம் எல்லாம் வெச்சிருக்கான்னு அரை நிமிஷம் ஜாஸ்தி கொடுத்தான். உங்க ஆளுங்க கும்பிட்டுக்கிட்டே நின்னான். ஒரு ஆள் ஏறலே. நான் என்ன செய்ய?" என்றார். பையிலிருந்து தம் கடிகாரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். அது ஓடுகிற சத்தம் எனக்குப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்போல இருந்தது.

நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. தப்பு எங்களுடையது, இப்போதே எழுதிக் கொடுத்துவிடுகிறோம் என்று அவரிடம் சொன்னீர்கள். காகிதம் வந்தது. நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வண்டி ஒன்றரை நிமிஷம் நின்றது, ஒருவருக்கொருவர் வழிவிட்டு நாங்கள்தான் ஏறவில்லை. அதுவரை சரி.

"அரை நிமிசம்னு சொன்னது நான்னு எழுதுங்க" என்றீர்கள்.

என் பேனா நின்றுவிட்டது.

"எழுதுங்க மாப்பிள்ளை. எங்கிட்டக் கடியாரமில்ல. குத்துமதிப்பாச் சொன்னவன் தப்பாச் சொல்லலாம். கடியாரம் வெச்சிருக்கறவரு தப்பாச் சொன்னாருன்னா, நாளைக்கு ஊருக்குன்னு நீங்க எழுதற மனுவ ஒருத்தரும் நம்பமாட்டாங்க."

அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மேஜைமேல் இருந்த கடிகாரம் அதற்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்தது. நான் எழுதினேன். என் பொய்யை உங்கள் பெயரில், என் கையாலேயே, நல்ல முத்து முத்தான எழுத்தில் எழுதி உங்களிடம் நீட்டினேன். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். அந்தக் கடிதத்தோடு நிறுத்தமும் போகலாம், பொன்னாத்தாளின் தவணையும் போகலாம் என்று உங்களுக்குத் தெரியும். திரும்பும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினோமா? இல்லை. ரிப்பேருக்குக் கொடுத்த கடிகாரத்தைச் சீக்கிரம் வாங்கிவந்துவிடச் சொன்னீர்கள், அவ்வளவுதான்.

மெமோ ரத்தானது. கம்பெனி இரண்டாம் தடவை நிறுத்திப் பார்க்க ஒப்புக்கொண்டது. மரியாதையினால் ஏறாமல் நின்ற ஜனங்களை யாருக்கோ பிடித்துப்போயிருக்க வேண்டும். இந்தத் தடவை நீங்கள் வாழைமரம் கட்டவிடவில்லை. அதற்குப் பதில் நாலு நாள் சாயங்காலம் மேடையோரம் ஒரு கட்டைவண்டியை நிறுத்தி ஊரை ஏறிப் பழக வைத்தீர்கள். அறுபது எண்ணுவதற்குள் எல்லாரும் ஏறவேண்டும். "நீங்க ஏறுங்க" என்று சொன்னவர் இறங்கி மறுபடி கடைசியில் நிற்கவேண்டும். முதல் நாள் அறுபது எண்ணி முடித்தபோது வண்டியில் இருந்தவை இரண்டு மாடுகளின் கயிறும் ஒரு நாயும்தான். பண்ணாடி வீட்டுக்கு நீங்களே போய், சங்குக்குப் போகிற பெண்கள் முதலில் ஏறட்டும் என்று கேட்டீர்கள். அவர் யோசித்துவிட்டு, தாமும் கடைசியில் நிற்பதாகச் சொன்னார். அந்த நாள் வந்தபோது பொன்னாத்தாள் தூக்குப்போசியோடு முதலில் ஏறினாள். பண்ணாடி கடைசி ஆளாக ஏறி முடித்தபோது கார்டுக்குக் கொடி ஆட்ட இன்னும் நேரம் இருந்தது.

தினமும் வண்டி நின்றது. மில்லுக்குப் போகிறவர் எட்டிலிருந்து எண்பதானார்கள். கிணத்துக்கடவுப் பக்கத்து ஆட்கள்கூட இங்கே வீடு கட்டிக் குடிவருகிறார்கள். மெல்போர்ன்காரர்கள் சொன்னது பொய்யில்லை. பஞ்சாயத்து போர்டில் எனக்கு இடமும் கிடைத்தது. உங்களுக்குக் கிடைத்தது 'அரை நிமிஷத்தார்' என்ற பட்டம்.

அதை வைத்தது நான். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். கல்யாண வீடுகளில் என்னைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்தால் தமாஷாக ஏதாவது சொல்லவேண்டும். எனக்கு வேறு பிழைப்புத் தெரியாது. முகூர்த்தம் தள்ளிப்போனால், "அரை நிமிஷத்தாரக் கேளுங்க, நேரம் சுத்தமாச் சொல்லுவாரு" என்பேன். பந்தல் சிரிக்கும். தோள் குலுங்க நீங்களும் சிரிப்பீர்கள். ஒருநாள்கூட உங்கள் முகம் மாறியதில்லை. மாறியிருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். அப்படி மூன்று வருஷம். நீங்கள் போன பிறகும் அந்தத் தமாஷ் நிற்கவில்லை. அது என் கையை விட்டு ஊர்க் கைக்குப் போய்விட்டது.

இன்று காலை பெட்டியில் என் முதுகைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். யாரோ ஒருவர், "அரை நிமிஷத்தார் இருந்திருந்தா, பெயிண்ட் காஞ்சுபோச்சுன்னு சத்தியம் பண்ணியிருப்பாருங்க" என்றார். பெண்கள் பெட்டியில் இடமில்லாமல் பொன்னாத்தாள் எங்கள் பெட்டியில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை, வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருஷமாக அவள் இந்தத் தமாஷுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது இன்றுதான் எனக்கு உறைத்தது.

நான் எழுந்து நின்று சொன்னேன். சங்கிலி, ரிப்பேர்க் கடை, போர்டு ஆசை, போத்தனூர் மேஜை, எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வரிக்கு ஒரு தடவை சிரித்தார்கள். வெறும் சங்கிலி என்ற இடத்தில் ஒருவருக்குப் புரையேறிவிட்டது. முடித்ததும், மெம்பருக்கு நிகர் மெம்பர்தான், செத்தவருக்காக எவ்வளவு அழகாகப் புதுக் கதை கட்டுகிறார் என்று மெச்சினார்கள். இத்தனை வருஷம் தமாஷ் பண்ணியதற்கு இது கூலி. உண்மையைச் சொன்னாலும் நம்ப ஆளில்லை.

பொன்னாத்தாள் மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப எங்கண்ணன் பொய் சொல்லலீங்களா?"

"ஒண்ணு சொன்னாரு அம்மணி. பொய் சொன்னது தான்தான்னு சொன்னாரு."

போத்தனூர் வரும்வரை நான் உட்காரவில்லை. இறங்கும்போது தூக்குப்போசியைக் கை மாற்றிக்கொண்டு, "இதே மாதிரி எங்கம்மாகிட்டயும் ஒருக்கா வந்து சொல்லிப்போடுங்க. ஊரெல்லாம் சிரிக்கற மாதிரி எம்மகன் ஏன் அப்படிச் சொன்னான்னு இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்குது" என்றாள். சொல்லிவிட்டு மில் பக்கம் நடந்துவிட்டாள்.

உங்கள் அம்மாவுக்கு இப்போது காது ரொம்ப மந்தம். ஒரு வார்த்தையை அவர் காதில் ஏற்றவேண்டுமானால் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தவேண்டும். பக்கத்து வீடுகளிலிருந்து ஆள் எட்டிப்பார்ப்பார்கள். தமாஷாகக் கத்தவும் முடியாது. அவருக்குச் சிரிப்பு எந்த இடம் என்று தெரியாது. புரியாததைத் திரும்பத் திரும்பக் கேட்பார், நான் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும். பொன்னாத்தாள் அது தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள். உங்கள் தங்கைதானே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.